பத்தொன்பது சதவீதத்தில் கிளம்பிப் போன மாமாவுக்கு

வால்டெலுனா,
ஜூலை 9, வியாழன்

ஊராட்சித் தலைவரின் உத்தரவுப்படி இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: நமது சதுக்கத்தில் நீரூற்றுக்குப் பக்கத்தில் நாற்பது வருடமாகக் கிடந்த கல் பெஞ்சு, மூன்று கூட்டங்கள், இரண்டு வெளிநடப்புகள், ஒரு கண்ணீர்ப் பேச்சு ஆகியவற்றுக்குப் பிறகு, கார் சார்ஜ் செய்யும் கம்பத்தை நோக்கி நான்கு அடி நகர்த்தப்பட்டுவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. தலைவரின் வலது கால் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

மதிப்பிற்குரிய, அன்பிற்குரிய, கோபத்திற்குரிய ஃபெர்மின் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகன் ரோகே, உடம்பால் சோபாவில் படுத்தபடியும் மனத்தால் எழுந்து நின்றபடியும் எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் சுகம். அங்கே பில்பாவோவில் நீங்களும் வண்டியும் வண்டியின் பேட்டரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீங்கள் வெளிநடப்புச் செய்துவிட்டீர்கள், அம்மா ஊர்ப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறீர்கள், ஆகவே வாழ்க்கையில் முதல்முறையாகத் தபால்தலை வாங்கினேன். நக்கித்தான் ஒட்டவேண்டும் என்று நினைத்து நன்றாக நக்கிவிட்டேன். இப்போதெல்லாம் அது ஸ்டிக்கராம். கடைக்காரர் ஒரு நிமிடம் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆகஸ்டில் நீங்கள் ஊருக்கு வரப்போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். மூஸ் சீட்டாட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க இந்த மாதம் இருபத்தைந்து கடைசி. என்கார்னா அத்தையின் பாரில் கறுப்புப் பலகையில் ஜோடி ஜோடியாகப் பெயர்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. உங்கள் ஜோடி, ரொட்டிக்கார ஹசிந்தோ மாமாவின் பெயர் மட்டும் ஏறவில்லை. முப்பத்தொரு வருடமாக ‘ஃபெர்மின்ஹசிந்தோ’ என்று ஒரே மூச்சில் சொல்லி வந்த பெயரில் பாதியை மட்டும் எப்படி எழுதுவது என்று அத்தைக்கும் தெரியவில்லை. போன வருடம் நீங்கள் இருவரும் ஜெயித்த, உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை இன்னமும் பாரின் உத்தரத்தில் தொங்குகிறது. பாதி பில்பாவோவுக்கு, பாதி ஹசிந்தோ வீட்டுக்கு. யார் முதலில் கத்தி வைப்பது என்று ஊரில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அதற்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடிப்பவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள்.

மாமா, கம்பம் வந்த அந்த முதல் கோடையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எனக்குப் பதினைந்து வயதுதான் ஆகிறது, பழைய கதை பேச உனக்கு உரிமம் இல்லை என்கிறாள் அம்மா. வண்டி ஓட்டக்கூடத்தான் எனக்கு உரிமம் இல்லை, அதற்காக வண்டிகளைப் பற்றிப் பேசாமல் இருக்கிறேனா? அப்போது கம்பம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மின்சாரம் ஊராட்சியின் செலவு. ஒரே கம்பம், ஒரே வயர். ஆகஸ்ட் வந்ததும் மாட்ரிட், சரகோசா, பில்பாவோ என்று போயிருந்த ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் வந்து இறங்கிய வகையில் ஒன்பது வண்டிகள். வேறு ஊராக இருந்தால் மூக்கு உடைந்திருக்கும். நாம் ரொட்டி வண்டி வந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தோம். வந்தவர் ‘கடைசி யாரு?’ என்று கேட்பார், கடைசி ஆள் கையைத் தூக்குவார், அவ்வளவுதான், வரிசையில் யாரும் நிற்கவேண்டாம், நீரூற்றில் கால் நனைக்கலாம், தூங்கலாம், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டும் வரலாம், அவருடைய முறை அவருக்காகக் காத்திருக்கும்.

“கடைசி யாரு?”

“நான்தான். எனக்கு முன்னாடி அந்த சிவப்புத் தொப்பிக்காரர். அவருக்கு முன்னாடி மருந்துக்கடை அம்மா. அவங்க ஆம்லெட்டைத் திருப்பிப் போட வீட்டுக்குப் போயிருக்காங்க.”

“பெரிய ஆம்லெட்டா, சின்னதா?”

“ஆறு முட்டை.”

“அப்ப நான் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டே வந்துடலாம்.”

கம்பத்தின் விளக்கு நீலமாக எரிந்தால் ஏறிக்கொண்டிருக்கிறது, பச்சையாக எரிந்தால் முடிந்தது, அடுத்த ஆள் வயரை எடுத்துத் தன் வண்டியில் சொருகிக்கொள்ளலாம். யாரும் யார் வண்டியையும் பூட்டியதில்லை. மின்சாரத்துக்கு விலை இல்லாததால் ஊரே சேர்ந்து ஒரு விலை வைத்தது: யார் வண்டி ஏறுகிறதோ அவர் காத்திருக்கும் எல்லோருக்கும் பாரில் ஒரு சுற்று ஒயின் வாங்கவேண்டும். இதில் யாரும் யோசிக்காமல் விட்ட விஷயம், ஐந்தாவது ஆளின் முறை வருவதற்குள் வண்டிக்கு ஏறுவதற்கு முன்பே ஓட்டுபவருக்கு ஏறிவிடும். அப்புறம் எங்கே ஓட்டுவது? சாவியை என்கார்னா அத்தையிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து மூஸ் ஆடவேண்டியதுதான். நீங்களும் ஹசிந்தோ மாமாவும் சின்ன வயதில் பாதிரியாரின் கோழியைத் திருடிய கதையை அந்தக் கோடையில்தான் முழுதாகக் கேட்டேன். அவர் ஒரு மாதிரி சொல்வார், நீங்கள் குறுக்கிட்டு வேறு மாதிரி சொல்வீர்கள், நாள் ஆக ஆகக் கோழி பெருத்துக்கொண்டே போய், ஆகஸ்ட் நடுவில் வரும் சான் ரோகே திருநாளுக்குள் வான்கோழி ஆகிவிட்டது. கம்பம் பின்னணியில் ஊம் ஊம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கும் கதை பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த கோடைக்குள் ஊராட்சி கம்பத்தை ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டது. இனிமேல் காசு, அதுவும் செயலி வழியாகத்தான். பில்பாவோவில் மூன்று அட்டை வைத்திருக்கும் நீங்களே ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்து, மூன்றையும் கம்பம் மதிக்காதபோது, “பேங்க்காரன்கூட என்கிட்ட இவ்ளோ திமிரா நடந்துக்கிட்டதில்லடா” என்றீர்கள். அந்தச் செயலி இருந்தது ஊரிலேயே ஒரே ஒரு போனில், அதாவது என்னுடையதில். ஆகவே பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். சார்ஜுக்கே சார்ஜ் எடுத்தவன் நான். சிக்னல் கிடைப்பது நீரூற்றின் விளிம்பில் மட்டும் என்பதால், “ரோகே, ஏறுடா” என்று யாராவது குரல் கொடுத்ததும் ஏறி நின்று போனை வானத்துக்கு நீட்டுவேன், கம்பம் நீலமாகும், கீழே இருப்பவர்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். இணைத்திருந்தது அம்மாவின் அட்டை. ஊரார் அம்மாவிடம் தக்காளியாகவும் முட்டையாகவும் தேனாகவும் கட்டினார்கள்.

“கரெண்டுக்குத் தக்காளியா? நான் இதைக் கொண்டுபோய் பேங்க்ல குடுத்தா வாங்கிப்பானா?” என்று அம்மா கத்தினாள், ஆனால் அந்த வருடம் நம் வீட்டில் போட்ட தக்காளிச் சாஸ் இன்னும் தீரவில்லை. ஆகஸ்ட் முடிவில் கம்பெனி எனக்கு ஒரு தொப்பியும் பாராட்டுக் கடிதமும் அனுப்பியது: இந்த மாநிலத்திலேயே அதிக தூரம் மின்சார வண்டி ஓட்டிய வாடிக்கையாளர் நான்தானாம், களைப்பாக இருந்தால் ஓய்வெடுத்துவிட்டு ஓட்டவேண்டுமாம். அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு என் சைக்கிளில் நானும் நிதானமாகத்தான் போகிறேன்.

சரி, சான் ரோகே திருநாளுக்கு வருகிறேன், போன வருடத்தது. காலை பத்தரைக்கு உங்கள் வண்டியை மாட்டினேன், பதினாறு சதவீதம். நீங்கள் இருவரும் பாருக்குள் போய்ப் போட்டியை ஜெயித்து, பன்றித்தொடையோடு ஊர்வலம் வந்து, சாப்பிட்டு, நாலரைக்குக் கிளம்ப வண்டியைத் திறந்தால் பத்தொன்பது. வயர் ஹசிந்தோ மாமாவின் ரொட்டி வண்டியில்.

“யார்டா என் வயரை எடுத்தது?”

“நான்தான். பச்சை எரிஞ்சுது. உனக்கடுத்து நான். எடுத்தேன், சொருகினேன்.”

“எப்ப?”

“பதினொரு மணி இருக்கும். பந்தல்ல ரொட்டி இறக்க வந்தப்ப பாத்தேன்.”

“அரை மணி நேரத்துல எப்படிடா பச்சை எரியும்? நான் என்ன டார்ச் லைட்டுக்கா சார்ஜ் போட்டேன்?”

“எனக்கென்ன தெரியும். எரிஞ்சுது.”

“நாளைக்கு ஏழு ஊருக்கு ரொட்டி போடணும்னு நேத்தே பொலம்பிக்கிட்டு இருந்தியே. கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. முப்பத்தோரு வருஷம் என் எதிர்ல உக்காந்துட்டு, கடைசில என் முறையைத் திருடிட்ட.”

நம் ஊரில் கோழி திருடினவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், கதை சொல்லச் சொல்லி ரசிப்பார்கள். முறையைத் திருடினான் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஹசிந்தோ மாமா உங்களைப் பார்த்தபடி நின்று இரண்டு கண்களையும் மெதுவாக மூடித் திறந்தார். “மூஞ்சியைக்கூடப் பாக்கமாட்டானாம்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினீர்கள். “ஏம்ப்பா, இன்னிக்கு தங்கிட்டு நாளைக்குப் போயேன், ரெண்டு கழுதைகளும் தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்” என்று என்கார்னா அத்தை கண்ணாடியைத் தட்டியதும் உங்களுக்குக் கேட்கவில்லை. அந்த வெயிலில் ஏசி போடாமல், அறுபதுக்கு மேல் போகாமல், பின்னால் ஏழு லாரிகள் ஹாரன் அடிக்க, பெரிய சாலையில் சார்ஜ் கம்பம் இருக்கும் பெட்ரோல் பங்க் வரை போய் இரண்டு சதவீதத்தில் சேர்ந்ததாக அம்மா சொன்னாள். அதோடு நீங்கள் ஊரை விட்டது.

இப்போது என் துப்பறியும் திறமையைக் கேளுங்கள். மூஸில் தன் ஜோடியைப் பார்த்துக் கண்ணை மூடினால் என்ன அர்த்தம், மாமா? கையில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். எதிரியிடம் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம், ஆனால் ஜோடிக்குப் பொய் ஜாடை காட்டக்கூடாது, அது ஆட்டத்தின் சட்டம். அவர் முறைத்துக்கொள்ளவில்லை, உங்களுக்கு ஜாடை காட்டினார். என் கையில் ஒன்றும் இல்லை என்று சொன்னார். முப்பத்தொரு வருடத்தில் உங்களுக்கு ஒரு பொய் ஜாடை காட்டியிருக்கிறாரா? இதை நான் கண்டுபிடிக்கவே எனக்குப் பதினொரு மாதம் ஆயிற்று, இருந்தாலும் ஊரில் வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனிக்கவும். ஆக, அவர் சொன்னது உண்மை, பச்சை எரிந்தது. ஏன் எரிந்தது? என் விசாரணையின் முடிவு: கம்பத்தின் கோளாறு. வெயிலில் மூளை குழம்பிவிட்டது. குற்றவாளி கம்பம், தீர்ப்பு எழுதியாகிவிட்டது, மேல்முறையீடு கிடையாது.

சமாதானப் பேச்சையும் நானே முடித்துவிட்டேன். தலைவர், பாதிரியார், என்கார்னா அத்தை என்று பெரிய தலைகள் எல்லாம் தோற்ற இடத்தில் ஒரே காலையில் முடித்தேன். ஹசிந்தோ மாமாவை அடுப்படியிலேயே போய்ப் பார்த்தேன்.

“மாமா, ஃபெர்மின் மாமா வந்தா ஆடுவீங்களா?”

“யாரு அது?”

“மாமா.”

“அப்படி யாரையும் எனக்குத் தெரியாது.” மாவைப் புரட்டிப் போட்டார். “மெலிஞ்சிருக்கானா?”

“அம்மா பாத்துட்டு வந்தா. கொஞ்சம் மெலிஞ்சிருக்காராம்.”

“அங்க ரொட்டின்னு விக்கிறதைத் தின்னா அப்படித்தான் ஆகும்.”

அப்புறம் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படியாவது உங்களை வரவழைக்கச் சொல்லிக் கெஞ்சினார். நானும் பெரிய மனது பண்ணி, பாருக்குப் போய்ப் பலகையில் இரண்டு பெயரையும் எழுதி, உங்கள் கையெழுத்தையும் அவர் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். உங்களுடையது அச்சு அசலாக வந்திருக்கிறது, அந்த வால் மட்டும் கொஞ்சம் நீளம். இனி நீங்கள் செய்யவேண்டியது வண்டியை எடுத்துக்கொண்டு வருவது ஒன்றுதான். கம்பத்தில் முதல் முறை உங்களுக்கு.

அங்கே அத்தைக்கும் குழந்தைகளுக்கும் என் முத்தங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடவும். அம்மா உங்களைத் திட்டச் சொன்னாள், அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். என் பெயர் கொண்ட புனிதர் உங்களையும் உங்கள் சக்கரங்களையும் காத்து, இறக்கம் உள்ள சாலைகளாகப் பார்த்துக் காட்டுவாராக.

இப்படிக்கு,
மாநிலத்தின் தலைசிறந்த ஓட்டுநரும் சமாதானத் தூதருமான
ரோகே

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு, திரும்பப் பிரித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஹசிந்தோ மாமா கெஞ்சவில்லை. ரொட்டியைப் பற்றிச் சொன்னதோடு பேச்சு முடிந்தது, அதற்குப் பிறகு எழுதியது நான் இட்டுக்கட்டியது. கம்பத்துக்கு மூளை குழம்பவும் இல்லை. அன்று பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தபோது என் போனில் ‘நிறுத்து’ என்பதை அழுத்தி விளக்கைப் பச்சையாக்கியது நான்தான். நான் செய்யும் மற்றவை மாதிரி இது குறும்பு இல்லை, மாமா. வருடா வருடம் சான் ரோகே அன்று சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுகிறீர்கள். உங்கள் வண்டி கல்லறைத் திருப்பத்தில் மறைந்தால் மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள், ஒரு வாரத்தில் சதுக்கத்தில் நானும் கம்பமும் மட்டும்தான் இருப்போம், கடைசி யாரு என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. வண்டி ஏறவில்லை என்றால் இன்னொரு நாள் தங்குவீர்கள் என்று நினைத்தேன். பத்தொன்பதிலேயே கிளம்புவீர்கள் என்று நினைக்கவில்லை. நீங்கள் இருவரும் கத்திக்கொண்டிருந்தபோது சொல்லத்தான் வாயைத் திறந்தேன், என் வாயிலிருந்து வார்த்தை வராத ஒரே நாள் அது. ஒரு நாள் கூடக் கிடைக்கும் என்று அழுத்தினேன், ஒரு வருடம் போய்விட்டது.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று காலை சொல்லிவிடலாம் என்று ரொட்டி வண்டிக்குப் போனேன், என் முறையும் வந்தது, “என்னடா வேணும்?” என்று கேட்டார், மூன்று ரொட்டி என்றேன், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நேற்றும் மூன்று. நமக்கு ஒன்று போதும். நாளைக்கு மறுபடி போகிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் சொல்லியிருப்பேன், இல்லையென்றால் வீட்டில் ரொட்டி வைக்க இடம் இருக்காது.