தனிக்கட்டையும் கூட்டுக்குடும்பமும்

இராயபுரத்தில் டார்ச்சக்காவிடம் வாயைத் திறந்து காட்டாதவர் எவரும் இலர். காசிமேட்டு வஞ்சிரம்கூட அவரைக் கண்டால் தானாக வாய் பிளக்கும்.

நான் சீட்டெழுதும் தொண்டு செய்துவரும் குழந்தைகள் மருத்துவமனையில் அவர் உதவியாளர். உதடு பிளந்த சிசு ஒன்று வந்துவிட்டால், உடன்வந்த உறவினர் அனைவரையும் வரிசையில் நிறுத்துவார். இறைவன் திருமேனியைப் பாதாதிகேசமாகப் பாடும் அடியாரைப்போல், விரல், காது, கண், அண்ணம் என ஒன்றையும் விடாமல் டார்ச் விளக்கடித்துப் பார்ப்பார். பிளவு மட்டும் தனியே வந்திருந்தால் அது "தனிக்கட்டை". வேறு குறியும் சேர்ந்து வழிவழியாக வருவதானால் "கூட்டுக்குடும்பம்". மருத்துவர்களும் இச்சொற்களையே எடுத்தாண்டார்கள். ஒருமுறை லிஃப்டைப் பழுதுபார்க்க வந்தவரையும் சோதித்து, இரண்டு சொத்தைப்பல்லோடு பல் மருத்துவரிடம் அனுப்பிவைத்தார்.

சென்ற ஆடியில் கத்திவாக்கத்துப் படகுக்காரர் ஒருவர் மகன், மருமகள், பத்து நாள் பேரனோடு வந்தார். பேரனுக்கு மேலுதடு பிளந்திருந்தது.

"கிரகணத்தன்னிக்கு மீன் அறுத்தா. எல்லாம் இவளாலதான். நாளைக்கே அவ அம்மா வூட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று முழங்கினார். மருமகள் தலை நிமிரவில்லை. மகன் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"நைனா, ஆ காட்டு" என்றார் டார்ச்சக்கா.

"நான் இன்னாத்துக்கு?"

"காட்டு நைனா. கீழுதட்டுல இன்னா அது, குழியாட்டம் கீது?"

படகுக்காரர் மீசையை ஒதுக்கி, உதட்டைப் பெருமிதத்தோடு பிதுக்கினார். நடுவே இரு சிறு குழிகள்.

"கடலம்மா வச்ச முத்திரை! எங்கப்பனுக்கு இருந்திச்சு, எனக்குக் கீது, எம்புள்ளைக்கும் கீது. டேய், காட்டுடா!"

மகனும் காட்டினான். டார்ச்சக்கா சிசுவின் கீழுதட்டில் வெளிச்சத்தை நிறுத்தினார். அங்கும் அதே இரு குழிகள்.

"கூட்டுக்குடும்பம், நைனா. உங்கப்பாரும் கிரகணத்துல மீன் அறுத்தாரா?"

மருத்துவர் வந்து பார்த்து உறுதிசெய்தார். இந்த வம்சவழியில் சிலருக்குக் குழியோடு நின்றுவிடும், சிலருக்கு உதடும் பிளக்கும். எவர் குற்றமும் அன்று. அறுவை சிகிச்சையால் சீராகும். அடுத்த பிள்ளைக்கு முன் ஆலோசனைக்கு வாருங்கள் என்றார்.

படகுக்காரர் பிதுக்கிய உதட்டை உள்ளிழுக்க மறந்து நின்றார். பிறகு மருமகளிடம் கைகளை நீட்டினார். "புள்ளைய இப்டி குடும்மா. எவ்ளோ நேரம் தூக்கினு இருப்பே? நம்ம வூட்டுக்குப் போலாம்."

அவர்கள் ஏறிய ஷேர் ஆட்டோ மறையும்வரை டார்ச்சக்கா வாசலில் நின்றார். பின் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேஜாரு சாமி, ஒரே லாரிப் புழுதி" என்றார்.

அன்று துறைமுக லாரிகள் வேலைநிறுத்தம். சாலை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

"ஆமாம் அக்கா, புழுதிதான்" என்றேன்.