பொய் கண்டால் சிவக்கும் பூ

ஊரில் திடீரென்று எல்லாருக்கும் உண்மை தேவைப்பட்டது. அதற்குக் கோர்ட் இருந்தது, போலீஸ் இருந்தது, போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல்களும் இருந்தன. ஆனாலும் ஜனங்கள் விடிவதற்குள் எழுந்து, குளித்து, ஒரு பூவின் முன்னால் போய் வரிசையில் நின்றார்கள்.

பூவையாவின் பூ. பொய் கண்டால் சிவக்கும் பூ.

பழைய மரச்சாமான் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வெள்ளையடித்து, பின்பக்கத்து மதிலை இன்னும் உயரமாக எழுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார் பூவையா. அதற்கு முன்பு அவர் மலையுச்சியில் தவம் செய்தார் என்றார்கள் பக்தர்கள். வீடு வீடாகச் சோப்பு விற்றார் என்றார்கள் மற்றவர்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். மலையிலும் சோப்புக்குத் தேவை இருக்கும்.

முறை சுலபம். காலையில் போய் ஒரு வெள்ளைப் பூவை வாங்கி, சொல்ல வேண்டியதைப் பூவின் காதில் சொல்ல வேண்டும். (பூவுக்குக் காது எந்தப் பக்கம் என்று கேட்டவர்களை வரிசையின் வாலுக்கு அனுப்பினார்கள்.) பூவைக் கண்ணாடிக் குவளையில் போட்டு, பெயர் ஒட்டி, முற்றத்து அலமாரியில் வைப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் தீர்ப்பு. வெள்ளையாகவே இருந்தால் சொன்னது உண்மை. சிவந்திருந்தால் பொய்.

முற்றத்துப் பூக்கள் எல்லாம் சிவந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஊரில் இத்தனை பொய்யர்களா என்று வியந்தார்களே தவிர, பூவைப் பற்றி யாரும் வியக்கவில்லை.

கொஞ்சம் வசதியானவர்களுக்கு உள்ளறை உண்டு. கௌரவமானவர்களின் பூ கண்டவர் கண்ணில் படக்கூடாதாம். உள்ளறைப் பூக்கள் சாயங்காலமும் பால் மாதிரி வெள்ளையாக வெளியே வந்தன. ஆக, வசதி உள்ளவர்கள் பொய்யே சொல்வதில்லை என்பதும் நிரூபணமாகிவிட்டது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் தையற்கடை அக்கா போய்ச் சேர்ந்தாள்.

அக்கா என்பது அவளுக்குத் தெருவே வைத்த பேர். நாலு மிஷின், ஒரு வெட்டும் மேஜை, கழுத்தில் எப்போதும் தொங்கும் டேப். கண்ணால் பார்த்தே இடுப்பளவு சொல்லிவிடுவாள். வேலையில் கெட்டிக்காரி. மற்ற விஷயங்களில் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் கட்சி.

மாடி வீட்டம்மா ஒரு பழைய கோட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுத்திருந்தாள். மாமனார் காலத்துக் கோட்டு. அதோடு வெள்ளிப் பொத்தான்கள் ஒரு பொட்டலத்தில் கொடுத்ததாகச் சொன்னாள். அக்காவுக்குப் பொட்டலம் வாங்கின ஞாபகமே இல்லை. பொத்தான் என்றால் காஜா எடுத்துப் பொத்தான் தைக்கிற பெண்ணின் கைக்குத்தானே போகும்? எல்லார் கண்ணும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த காஜாக்காரி பக்கம் திரும்பியது.

"எங்கிட்ட எந்தப் பொட்டலமும் வரலக்கா" என்றாள் அவள்.

"இப்படியே பேசிட்டிருந்தா விடியாது. பூவையாகிட்ட போவோம். பூ சொல்லட்டும்" என்றாள் மாடி வீட்டம்மா.

போனார்கள். மாடி வீட்டம்மாவின் பூ உள்ளறைக்குப் போனது. "நீங்க முதலாளியம்மா ஆச்சே" என்று அக்காவின் பூவும் உள்ளே போனது. அக்காவுக்கு அதில் உள்ளூரப் பெருமை. "என் தொழிலில் நான் யாருக்கும் துரோகம் செய்ததில்லை" என்று பூவிடம் கம்பீரமாகச் சொல்லியிருந்தாள். காஜாக்காரியின் பூ முற்றத்து வெயிலில் நின்றது.

சாயங்காலம் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"பூ சிவந்தா நான் திருடியாக்கா?" என்று கேட்டாள் காஜாக்காரி. "இத்தனை வருஷமா உங்க கடையில ஊசி குத்தி ஊசி குத்தி மரத்துப்போன கை இது. இதைப் பார்த்துத் தெரியாதது அதைப் பார்த்தா தெரிஞ்சுது?"

அக்கா தன் வெள்ளைப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலைக் கூட்டம்தான் சொன்னது. திருடி என்ற சொல் அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே அவள் தெருவுக்குப் போய்விட்டது. அவள் உள்ளே நுழையும்போது வாடகை வீட்டுக்காரர் வாசலில் நின்று, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

பொத்தானை அதற்குமேல் யாரும் தேடவில்லை. பூ சொன்ன பிறகு தேடுவதற்கு என்ன இருக்கிறது?

அக்கா தன் வெள்ளைப் பூவை டிபன் டப்பாவில் போட்டு, வழியெல்லாம் நாலு பேருக்குத் திறந்து காட்டி, வீட்டுச் சமையல் மேடையில் வைத்துவிட்டுத் தூங்கினாள். காலையில் எழுந்து பார்த்தால் பூ சுருண்டு கிடந்தது. சிவப்பாக.

என்ன துரோகம் செய்தோம் என்று அக்கா யோசித்தாள். வாடிக்கையாளர்களின் மிச்சத் துணி நினைவுக்கு வந்தது. அவள் வீட்டுத் தலையணை உறைகள் எல்லாமே நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றும் யார் யார் சட்டையின் சொந்தம் என்றுகூட நினைவுக்கு வந்தது. உடனே தங்கைக்குப் போன் போட்டாள்.

தங்கை தாவரக் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள். செடி கொடிகளைக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, எது எந்தக் குடும்பம் என்று பார்த்துப் பெயர் போட்டு அடுக்குவது அவள் தொழில். அக்கா வீட்டில் அவளுக்கு மரியாதையான பெயர் செடிப் பைத்தியம்.

வந்தவள் பூவைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா கோபத்தில் வெண்டைக்காயை வேகமாக நறுக்கினாள்.

"பாத்து நறுக்குக்கா. நீ வெட்டறது இந்தப் பூவோட சொந்தக்காரங்களை."

"என்னடி உளர்றே?"

"இது செம்பருத்தியில ஒரு வகை. வெண்டைக்காய், பருத்தி, பூவரசு எல்லாம் ஒரே குடும்பம். முன்னாடி இலவ மரத்தையும் சாக்லேட் செய்யற கொக்கோவையும் வேற வேற குடும்பமா வெச்சிருந்தாங்க. அப்புறம் மரபணுவைப் பார்த்துட்டு எல்லாரையும் ஒரே வீட்டுல சேர்த்துட்டாங்க. பெரிய கூட்டுக்குடும்பம்."

"சாக்லேட்டும் வெண்டைக்காயும் சொந்தமா? ஒரே குடும்பத்துல இவ்வளவு வித்தியாசமா இருக்குமாடி?"

"ஏன், நாம ரெண்டு பேரும் இல்லையா?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"இந்த வகை காலையில வெள்ளையா பூக்கும், மத்தியானம் ரோஸாகும், பொழுது சாயும்போது சிவந்துடும். நீ பொய் சொன்னாலும் சரி, வாயே திறக்காட்டியும் சரி. எங்க தோட்டத்துல ஒரு செடி நிக்குது. அதுகிட்ட யாரும் எதுவும் சொல்றதில்ல. தினம் சிவக்குது."

"அப்ப உள்ளறையில ஏன் சிவக்கல?"

"குளிர்ல வெச்சா நிறம் மாறாது. வெளியே எடுத்தா மாற ஆரம்பிச்சிடும். உன் பூ நேத்துச் சாயங்காலம் சில்லுன்னு இருந்துச்சா?"

சில்லென்றுதான் இருந்தது. தெய்வீகக் குளிர்ச்சி என்று அக்கா கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்குக் காஜாக்காரியின் கை ஞாபகம் வந்தது.

"அவளை நான் தெருவுல நிறுத்திட்டேன்டி."

"அப்ப தெருவுலதான் சரி பண்ணணும். நாளைக்கு வா."

மறுநாள் காலை கிடங்கு வாசலில் ஈ நுழைய இடமில்லை. தங்கை எல்லாரையும்போல வரிசையில் நின்று, இரண்டு பூ வாங்கிக்கொண்டு, பூவையாவின் மேடைக்கு எதிரே போய் நின்றாள். அக்கா பின்னால். மாடி வீட்டம்மாவும் அன்று வேறு ஏதோ வழக்குக்காக வந்திருந்தாள்.

"ஐயா, இந்தப் பூ எங்கே முளைச்சது?"

"வானத்தில் மலர்ந்தது தாயே" என்றார் பூவையா. மேடையில் அவர் அச்சடித்த தமிழ்தான் பேசுவார். "பூமியில் இதற்கு உற்றார் கிடையாது, உறவினர் கிடையாது."

தங்கை பையிலிருந்து ஒரு வெண்டைப் பூவையும், தெருவில் பறித்த சாதாரணச் செம்பருத்தியையும் எடுத்து, ஐயாவின் பூவோடு சேர்த்துப் பிடித்தாள்.

"அக்கா, நீ துணி வெட்டறவ. வெட்டு ஒண்ணா வேறயான்னு பாத்துச் சொல்லு."

அக்கா கண்ணருகே வைத்துப் பார்த்தாள். மூன்றிலும் அஞ்சு இதழ். நடுவில் மகரந்தக் காம்புகளெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே குழாயாக நின்றது, பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி. இதழுக்குக் கீழே பச்சையாக ஒரு சுற்று. அதற்கும் கீழே குட்டியாக இன்னொரு சுற்று.

"பாவாடைக்கு வெளியில இன்னொரு குட்டிப் பாவாடை" என்றாள் அக்கா. "மூணும் ஒரே பேட்டர்ன். துணிதான் வேற."

"அப்போ இத்தனை நாளா வெண்டைக்காயோட சித்தப்பா மகனையா கும்பிட்டுட்டு இருந்தோம்?" என்றார் வாசலில் கடை போட்டிருந்த ஜூஸ்காரர். பின்வரிசை சிரித்தது. முன்வரிசை முறைத்தது.

பூவையா கையை உயர்த்தினார். "உருவம் மயக்கும். நீதி மயங்காது."

"சரிங்கய்யா. வெயிலோ குளிரோ இதை ஏதாவது பண்ணுமா?"

"பொய் ஒன்றே இதன் நிறத்தை மாற்றும்! வெயிலென்ன, குளிரென்ன, இடியே விழுந்தாலும் மாறாது!"

கூட்டம் கை தட்டியது. தங்கையும் சேர்ந்து தட்டினாள். பிறகு ஜூஸ்காரரிடம் அவருடைய ஐஸ் பெட்டியைக் கடன் கேட்டாள். பூவையாவின் கை பாதி ஆசீர்வாதத்தில் நின்றது.

தங்கை முதல் பூவை உயர்த்திப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி "என் அக்கா என்னைவிட மூத்தவ" என்று சொல்லி, முற்றத்து அலமாரியில் வைத்தாள்.

"வயசை எதுக்குடி ஊருக்குச் சொல்றே?" என்றாள் அக்கா.

இரண்டாவது பூவிடம், "இந்த ஜூஸ்காரர்தான் நாட்டுக்கே ராஜா" என்று சொல்லி, ஒரு டப்பாவில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ராஜா தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தார். அன்று முழுக்க அவர் விற்ற ஜூஸ் சூடாகத்தான் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. வேடிக்கை பார்க்கிற தாகம் பெரிய தாகம்.

பூவையா நடுவில் இரண்டு முறை பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி ஆளனுப்பினார். ராஜா இறங்க மறுத்துவிட்டார்.

சாயங்காலம் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. தங்கை முற்றத்துக் குவளையை எடுத்து மேடையில் வைத்தாள். பூ சிவசிவவென்று சிவந்திருந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்தாள். வெள்ளை. காலையில் பறித்த அதே வெள்ளை.

எல்லாரும் இரண்டு பூவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அப்போ தங்கச்சிதான் மூத்தவளா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். இன்னொரு அம்மாள் ஜூஸ்காரரைப் பார்த்துக் கும்பிடவே ஆரம்பித்துவிட்டாள். அப்புறம்தான் எங்கிருந்தோ ஒரு சிரிப்புக் கிளம்பி முற்றமெல்லாம் பரவியது.

"ஐஸில் வைத்தது பூவுக்குச் செய்த அவமதிப்பு!" என்று கத்தினார் பூவையா.

"குளிர் ஒண்ணும் பண்ணாதுன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?"

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா! அதைப் போய்ப் புடிச்சுக்கிட்டு…" அச்சடித்த தமிழ் உதிர்ந்து, சோப்பு விற்ற தமிழ் வெளியே வந்தது.

அக்கா முன்னால் வந்தாள். "என் பூவும் சில்லுன்னுதான் இருந்துச்சு. எனக்கு உள்ளறையைப் பாக்கணும்" என்றாள். தடுக்க வந்த ஆளிடம், "நகருப்பா, நான் முதலாளியம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

தெய்வ சந்நிதியில் கண்ணாடிக் கதவு போட்ட, கடைகளில் சோடா வைக்கிற குளிர்பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. தட்டுத் தட்டாக ஊர்ப் பெரிய மனிதர்களின் உண்மை, பெயர் ஒட்டி, அடுக்கியிருந்தது. பின்கதவைத் திறந்தால், உயர்ந்த மதிலுக்குள்ளே வரிசையாகச் செடிகள். வானத்தில் மலர்ந்த பூவுக்குக் கீழே சாணி உரம் போட்டிருந்தார்கள்.

போலீஸ் வரும்வரை பூவையாவை அந்த அறையிலேயே உட்காரவைத்தார்கள். அவ்வளவு குளிரிலும் அவர் முகம் மட்டும் நிறம் மாறியது.

மாடி வீட்டம்மா கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டுல ஒரு தடவை தேடிப் பாத்துடறேன்" என்றாள். அதுவரை அவள் தேடவேயில்லை. அவள் பூதான் வெள்ளையாக இருந்ததே! தேடினாள். அவள் கணவர் மெருகேற்றக் கொண்டுபோன பொத்தான்கள் அவருடைய இன்னொரு கால்சட்டைப் பையில் சமர்த்தாக இருந்தன.

அந்தச் சேதி வருவதற்கு முன்பே அக்கா காஜாக்காரியின் வீட்டு வாசலில் நின்றாள். பொத்தான் கிடைத்த பிறகு போவதில் என்ன பெருமை என்று தங்கை கேட்டிருந்தாள். அது உறைத்திருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன். கையைப் பாத்திருக்கணும். பூவைப் பாத்துட்டேன். கடைக்குத் திரும்பி வா."

காஜாக்காரி தன் கையைப் பார்த்தாள். பிறகு, "வர்றேன்க்கா" என்றாள். "ஆனா நான் தனியா வரமாட்டேன். இந்தத் தெரு முனையிலேருந்து கடை வரைக்கும் நீங்க என் கையைப் புடிச்சுட்டு நடந்து வரணும். எல்லாரும் வாசல்ல நிக்கற நேரத்துல. இந்த வீட்டுக்காரரையும் கூப்பிட்டுட்டுத்தான் கிளம்பணும்."

மறுநாள் நடந்தார்கள். அக்காவுக்கு அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று அதற்கு முன்பு தெரியாது. வீட்டுக்காரர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இவ எடுக்கல, நான்தான் தப்பா நினைச்சுட்டேன்" என்று அக்கா தன் வாயால் சொன்னாள். முதல் வாசலில் குரல் எழும்பவில்லை. கடைசி வாசலில் தெரு முழுக்கக் கேட்டது.

நம் ஜனங்கள் திருந்திவிட்டார்களா என்று கேட்பீர்கள். மறுவாரம் தாவரக் காப்பகத்து வாசலில் ஒரு சின்னக் கூட்டம். "அம்மா, அது போலின்னு நீங்க நிரூபிச்சிட்டீங்க. நல்லதாப் போச்சு. அப்போ நிஜமாவே பொய் கண்டுபிடிக்கிற பூ எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

தங்கை அவர்களைத் தோட்டத்துச் செடியிடம் அழைத்துப்போய்க் காட்டினாள். பொழுது சாய்ந்திருந்தது. பூவெல்லாம் சிவந்திருந்தது.

"பாவம், இதுக்கு மூளை கிடையாது" என்றாள். "மூளை இருக்கிறவங்க இத்தனை பேர் வந்து தீர்ப்புக் கேட்டா, வெட்கத்துல சிவக்காம வேற என்ன பண்ணும்?"