தலையில் கட்டிய துண்டு

பிள்ளைகளே, சுவர் தேய்க்கும் நாளில் உங்களை ஏன் வெளியே விரட்டுகிறேன் என்று கேட்டீர்கள். உங்கள் அப்பா ஒரு காலத்தில் தலைமுடியைக் காப்பாற்றிக்கொண்டு நுரையீரலை மறந்த ஆள். அந்த மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த வீட்டில் தனியாக இருந்தேன். உங்கள் அம்மாவின் அத்தை, மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிள்ளானிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார். சுவர்ப் பூச்சு மேடும் பள்ளமுமாக இருந்தது. காலையிலேயே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். ரயில் இஞ்சின் கரி உள்ளே வந்துவிடுமே என்று சன்னல்களையெல்லாம் சாத்தினேன் (எவ்வளவு புத்தி!). எண்ணெய் தடவி வாரிய முடி கெடாமலிருக்கத் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினேன்.

ஓட்டுச் சந்து வழியாக வந்த வெயிலில் தூசி மிதந்தது. அதில் கொஞ்சம் கீழே விழவே இல்லை. விழாத தூசி எங்கேதான் போகிறது? வேலையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அது எனக்குள் போய்க்கொண்டிருந்தது.

அத்தை வந்து உட்கார்ந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. பெயரைக் கேட்டார், கைக்குட்டையை வாயில் வைத்து இருமினேன். சொந்த ஊரைக் கேட்டார், அதற்கும் இருமினேன். கண் வேறு சிவந்திருந்தது. அவருடைய தம்பி காசநோயில் செத்தவர். காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். என் கல்யாணமும் அவர் பின்னாலேயே வாசல்வரை போய்விட்டது.

வாசற்படியில் திரும்பினார். "தம்பி, அந்தக் கைக்குட்டையைக் காட்டுங்க."

விரித்தேன். ரத்தச் சிவப்பைத் தேடியவர் கண்டது, கரைத்த மாவு மாதிரி வெள்ளை. சுவரைப் பார்த்தார். சாத்திய சன்னலைப் பார்த்தார். நான் அவிழ்க்க மறந்திருந்த துண்டைப் பார்த்தார்.

"இது சுண்ணாம்பு. வெத்தலை பாக்கு மட்டும்தான் கொறச்சல்," என்றார். "மூக்குல கட்ட வேண்டியதத் தலையில கட்டியிருக்கீங்களே, முடியா மூச்சு விடுது?"

ஆனாலும் ஒரு மாதத்தில் இருமல் நின்றால்தான் நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் போனார். நின்றது. அதனால்தான் நீங்கள் பிறந்தீர்கள். இப்போதெல்லாம் சுவரை நனைத்து, சன்னலைத் திறந்து, ஈரத்துணியை மூக்கில் கட்டித்தான் தேய்க்கிறேன். துணியையும் தாண்டி நுண்தூசி போகும், அதனால் நீங்கள் வெளியே. அம்மா மட்டும் சிரிக்காமல் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வாசலில் வைப்பாள்.

அன்று அத்தை போனபிறகு செய்ததை அவளிடமும் சொன்னதில்லை. பெட்டியிலிருந்து வெளுத்த கைக்குட்டை ஒன்றை எடுத்தேன். அதில் ஒருமுறை இருமி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நான்கு மூலையும் விரித்துப் பார்த்தேன்.