பங்கில் வந்த இஞ்சின்

"எந்திரிங்க, இஞ்சினைத் தூக்கணும்" என்றான் மெக்கானிக் அர்த்தனாரி.

குழந்தைசாமி எழவில்லை. வாசலில் கழற்றிப் போட்டிருந்த ஜீப் இஞ்சின் மேல், கவிழ்த்த உரலில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தார். வேட்டியின் பின்பக்கம் வட்டமாக எண்ணெய் ஏறியிருந்தது.

"எங்கே தூக்கிட்டுப் போறே?"

"சேலத்துக்குங்க. நாலு சிலிண்டரும் தேஞ்சு போச்சு. போர் போடணும். உள்ளாற கடைஞ்சு வழவழன்னு பண்ணி, பெரிய பிஸ்டனா மாட்டினா மறுபடியும் மேடு ஏறும்."

"போன இஞ்சினேதான் திரும்பி வருமுன்னு என்ன நிச்சயம்?"

"வேற ஒண்ணு வந்தா உங்களுக்கு லாபந்தானுங்களே. இதைவிட மோசமான இஞ்சின் சேலம் ஜில்லாவிலேயே கெடையாது."

அவன் சிரித்தது குழந்தைசாமிக்குப் பிடிக்கவில்லை. சிரிக்கிற மெக்கானிக்கை அவர் நம்புவதில்லை. சிரிக்காத மெக்கானிக்கை அதைவிட நம்புவதில்லை.

சும்மா கிடைத்த இஞ்சினா அது? பாகப்பிரிவினையில் வந்தது. மலைமேல் பெரக்கரை நாட்டில் அவர்கள் குடும்பத்தில் பலா மரத்தையே கிளை கிளையாகப் பிரிப்பார்கள். மேற்குக் கிளையில் காய்ப்பது மூத்தவனுக்கு, கிழக்குக் கிளையில் காய்ப்பது இளையவனுக்கு, அடிமரத்தில் காய்த்தால் அடிதடி. போன ஆடியில் அப்பன் முத்தன் செத்துப்போனதும், அவர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய பட்டாளத்து ஜீப்பையும் அதே மாதிரி பிரித்தார்கள். வீலும் அடிச்சட்டமும் நடுத்தம்பி சின்னுசாமிக்கு. தகரமும் சீட்டும் பானட்டும் கடைசித் தம்பி ராசப்பனுக்கு. இஞ்சின் மூத்தவர் குழந்தைசாமிக்கு. வண்டிக்கு உயிர் இஞ்சின்தான் என்று யோசித்து, தன் பங்கு மிளகுத் தோட்டத்தைத் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்து அதை வாங்கியிருந்தார். வாங்கிய மூன்றாம் மாதம் உயிர் போய்விட்டது.

பிரித்துக் கொடுத்த ஊர்ப் பெரியவர்கள் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்கள். அடுத்த ஆடிப் பதினெட்டு அன்றைக்கு எவன் பங்கு ஓடாமல் கிடக்கிறதோ, அது மற்ற இரண்டு பேருக்கும் போய்விடும். வீல் என்றால் உருட்டினாலே ஓடும். தகரம் நின்றாலும் தகரம்தான். நிபந்தனை தன் ஒருவன் தலைக்குத்தான் என்பது குழந்தைசாமிக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்று கை கழுவும்போதுதான் உறைத்தது.

ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது.

"உங்க தம்பி பொண்டாட்டிக ரெண்டு பேரும் மிளகு காயவெச்சுக்கிட்டிருக்காளுக" என்றாள் அவர் மனைவி பொன்னாயி. "நான் எதைக் காயவெக்கிறதுங்க? இஞ்சினையா?"

இஞ்சின் சேலம் போனது. குழந்தைசாமியும் போனார். லாரியில் இஞ்சினுக்கும் தன் இடுப்புக்கும் சேர்த்து ஒரு கயிறு கட்டிக்கொண்டார். பட்டறையில் அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி மூன்று பேர் கெஞ்ச வேண்டியிருந்தது.

கடைசல் ஆரம்பித்தது. இரும்புத் துருவல் சுருள் சுருளாக விழுந்தது. அவர் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். இரண்டாவது சிலிண்டர் முடிந்தபோது மிஷினுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றுகொண்டார்.

"நிறுத்துடா."

"ஏனுங்க, பாதியிலே நிறுத்தப்படாதுங்க" என்றான் அர்த்தனாரி.

"அவன் என் பங்கைச் சுரண்டிக்கிட்டிருக்கான். நீ வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கறே."

"போர் போடறதுன்னா அதுதானுங்க."

"ரெண்டு சிலிண்டருக்கே இத்தனை இரும்பு போயிருச்சு. நாலையும் விட்டா எனக்கு என்னடா மிஞ்சும்? வெறும் ஓட்டையா?"

துருவலைத் துண்டில் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு, இஞ்சினையும் கட்டிக்கொண்டு, குழந்தைசாமி மலை ஏறிவிட்டார். இரண்டு சிலிண்டர் பெரிது, இரண்டு சிலிண்டர் சிறிது. அர்த்தனாரி தலையில் அடித்துக்கொண்டு, இரண்டு பெரிய பிஸ்டனும் இரண்டு பழைய பிஸ்டனும் போட்டு மாட்டினான்.

இஞ்சின் கிளம்பத்தான் செய்தது. ஆனால் ஜீப் ஓடவில்லை. குதித்தது. ஒரு காலுக்குச் செருப்பு போட்ட ஆள் ஓடுகிற மாதிரி நொண்டி நொண்டிக் குதித்துக்கொண்டே போய், சாமைக் கொல்லைக்குள் இறங்கி நின்றது. பின்னாலேயே ராசப்பன் வந்தான். கையில் இரண்டு சீட்டு இருந்தது.

"அண்ணா, உன் பங்கு குதிச்சதுல என் பங்கு கழண்டு விழுந்துருச்சு. இதுக்கு ஒரு வழி பண்ணு."

பெரியவர்கள் கூடினார்கள். குழந்தைசாமியின் மேற்குப் பலாக் கிளை ராசப்பனுக்குப் போனது.

அன்று சாயங்காலம் அர்த்தனாரி பொறுமையாக எடுத்துச் சொன்னான். "இப்ப ரெண்டே வழிதானுங்க. மிச்ச ரெண்டு சிலிண்டரையும் கடைஞ்சுட்டா இதே இஞ்சின் இன்னும் பத்து வருசத்துக்கு ஓடும். இல்லீன்னா ஒடைச்ச லாரியோட ஆறு சிலிண்டர் இஞ்சின் ஒண்ணு சேலத்துல கெடக்குது, அதைப் போடலாம். ஆனா அது பெருசு. பழசையே கடைஞ்சுக்கறதுதான் உங்களுக்கு நல்லது."

குழந்தைசாமி அவன் முகத்தையே பார்த்தார். 'நல்லது' என்கிறான். யாருக்கு நல்லது? தம்பிகளிடம் போய்க் கேட்டார். சின்னுசாமியும் அதையே சொன்னான்: "அண்ணா, பழசையே பண்ணு." ராசப்பனும் அதையே சொன்னான். மூன்று பேரும் ஒரே பேச்சுப் பேசினால் மூன்று பேரும் எங்கேயோ உட்கார்ந்து பேசி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"அந்த ஆறு சிலிண்டரைக் கொண்டா" என்றார்.

செம்மேடு வரைக்கும் லாரியில் வந்த இஞ்சினை அங்கேயிருந்து எட்டு ஆள் மூங்கிலில் கட்டி, சாமியைத் தூக்குவது போலத் தோளில் தூக்கி வந்தார்கள். எதிரே வந்த கிழவி ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

இறக்கி வைத்து அளந்து பார்த்தால் ஒரு முழம் நீளம் அதிகம்.

"முன்னாடி பானட்டை வெட்டித்தான் ஆகணும்" என்றான் அர்த்தனாரி.

ராசப்பன் பானட் மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். "என்னை வெட்டிட்டு இதை வெட்டு."

"அப்ப பின்னாடி தள்ளணும். டிரைவர் கால் வெக்கிற எடத்துல வந்து நிக்கும்."

"அந்த எடமும் என் தகரந்தான்" என்றான் ராசப்பன், படுத்தபடியே.

மறுபடியும் பெரியவர்கள். தகரத்தில் ஓட்டை போட்டுக்கொள்ள உரிமை கொடுத்தார்கள். ஓட்டைக்குப் பதிலாகக் குழந்தைசாமியின் இன்னொரு பலாக் கிளையும் போனது. இஞ்சினின் பின்பாதி வண்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. டிரைவர் சம்மணம் போட்டுத்தான் உட்கார முடியும். பிரேக்குக்குக் கால் எட்டாது. குழந்தைசாமி இரண்டு மூங்கில் கழி வெட்டினார், பிரேக்குக்கு ஒன்று, கிளட்சுக்கு ஒன்று. நெல் குத்துகிற மாதிரி மாற்றி மாற்றிக் குத்திப் பழகினார்.

அடுத்த சண்டை கியர் பெட்டியில் வந்தது. அது இஞ்சினோடு சேர்ந்ததா, வீலோடு சேர்ந்ததா? அப்பன் அதைச் சொல்லிவிட்டுச் சாகவில்லை. பெரியவர்கள் வண்டிக்கு அடியில் ஒவ்வொருவராகப் படுத்துப் பார்த்துவிட்டு, பெட்டியின் நடுவே சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு முன்னால் இருக்கிற பல்லுக்கு எண்ணெய் விடுவது குழந்தைசாமி, பின்னால் இருக்கிற பல்லுக்குச் சின்னுசாமி. உள்ளே போனதும் எண்ணெய் ஒன்றாகிவிடுமே என்று அர்த்தனாரி சொல்ல வாயெடுத்தான். அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள்.

இஞ்சினை முழுசாக இறக்கியதும் முன்பக்க ஸ்பிரிங் பட்டை இரண்டும் தட்டையாகப் படுத்துவிட்டன.

"என் வீல் மேல உன் பாரம்" என்றான் சின்னுசாமி. "எத்தனை நாளைக்கு என் பங்கு உன் பங்கைச் சுமந்துக்கிட்டுக் கெடக்கும்? கூலி குடுக்க வேண்டாம் நீ. மாட்டைக் குடு, போதும்."

கறவை மாடு போனது. பொன்னாயி கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"தோட்டம் போச்சு. கிளை போச்சு. மாடும் போச்சு. இனி இந்த ஊட்டுல நான் ஒருத்திதான் பாக்கி. என்னை எந்தத் தம்பிக்குங்க?"

"பேசாம இரு புள்ளே. இஞ்சின் இருக்குது. அது ஒண்ணு நின்னா எல்லாம் திரும்பி வரும்."

"அது நிக்கத்தானுங்களே செய்யுது எட்டொம்பது மாசமா."

ஆடிப் பதினெட்டும் வந்தது. விடிந்ததும் வாசலில் ஊரே கூடியிருந்தது. பெரியவர்கள் கல்லின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தம்பிகள் இரண்டு பேரும் குளித்து விபூதி பூசி, பங்கு வாங்கிப் போக வந்தவர்கள் மாதிரியே நின்றார்கள். குழந்தைசாமி யாரையும் கிட்டே விடவில்லை. பெட்ரோலை அவரே மோந்து பார்த்து ஊற்றினார். ரேடியேட்டருக்குத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துப் பார்த்து ஊற்றினார். அர்த்தனாரி முடுக்கிய நட்டுகளை எல்லாம் அவிழ்த்து, தன் கையால் மறுபடி முடுக்கினார்.

அர்த்தனாரி இஞ்சினைக் கிளப்பும் கம்பியைப் போட்டுச் சுற்றினான். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் ஒரு இருமல். மூன்றாவது சுற்றில் அது போட்ட சத்தத்தில் பெரியவர்களில் ஒருவர் கல்லிலிருந்து நழுவி உட்கார்ந்தார். கோழிகள் கூரை மேல் ஏறின.

அதன் பிறகு நடந்ததை ஊரில் யாரும் எதிர்பார்க்கவில்லை. குழந்தைசாமியும் எதிர்பார்க்கவில்லை. ஜீப் போனது. மேட்டில் போனது, பள்ளத்தில் போனது, காளை கட்டினாலும் ஏறாத பாறைச் சரிவில் கல்லைக் கிளப்பிக்கொண்டு ஏறிப் போனது. அவர் சம்மணம் போட்டுக்கொண்டு இரண்டு மூங்கிலையும் குத்திக் குத்தி ஓட்டினார். செம்மேட்டில் கோயிலுக்குப் போகிற கூட்டம் நின்றது. பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார். திரும்பி வந்து இருபத்திரண்டு பேரை ஏற்றினார். தம்பிகள் இரண்டு பேரும் பின்னால் தொங்கிக்கொண்டே வந்து, எங்கேயாவது நிற்கிறதா என்று பார்த்தார்கள். நிற்கவில்லை.

உச்சி வேளைக்குச் செம்மேட்டில் வண்டியை நிறுத்தினார். ஊர் ஜனத்தோடு பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்திருந்த பெரியவர்கள் அங்கேயே தீர்ப்புச் சொன்னார்கள். "மூத்தவன் பங்கு ஓடுது. இஞ்சின் குழந்தைசாமிக்கே."

தம்பிகள் தலையைத் தொங்கப்போட்டார்கள். பொன்னாயி முந்தானையால் புருஷன் முகத்துக் கரியைத் துடைத்தாள். பத்து வருஷத்துக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள். அர்த்தனாரியைக் குழந்தைசாமி அப்போதும் நம்பவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு பலாச்சுளை கொடுத்தார்.

அப்போதுதான் காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒரு கிழவரைக் கவனித்தார். இரண்டாவது நடையில் ஏறிய ஆள், இன்னும் இறங்கவில்லை. மடியில் ஒரு சாக்கு மூட்டை. கையை நீட்டி ராசப்பனின் தகரத்தைத் தடவினார். எட்டிக் குனிந்து சின்னுசாமியின் வீலைப் பார்த்தார். கடைசியில் இஞ்சினை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எறங்கலீங்களா?" என்றார் குழந்தைசாமி, சந்தேகத்தோடு.

கிழவர் சாக்கை அவிழ்த்தார். உள்ளே எண்ணெய்க் காகிதம் சுற்றிய நான்கு பிஸ்டன் புத்தம் புதிதாக இருந்தன.

"முத்தன் மவனுங்களா நீங்க? சேலத்துக்குப் போயி இந்தச் சாமானை வாங்கியாரதுக்குள்ள பத்து வருசம் தாமசமாயிப் போச்சுங்க, கோவிச்சுக்காதீங்க. வாரவரைக்கும் பாத்துக்கச் சொல்லி உங்கப்பன்கிட்ட விட்டுட்டுப் போன என் வண்டிக்கு, இஞ்சினே புதுசா மாத்தி வெச்சிருக்கீங்களே சாமி."