கன்னையா கடன் அடைத்த வெள்ளிக்கிழமை

மகன் காளிதாஸ் பேராதனைக் கேம்பஸில் கடைசிப் பரீட்சை எழுதுவதற்குள் அவன் படிப்புக்கு வாங்கிய கடனைத் தீர்த்தே விடுவது என்று கன்னையா சபதம் போட்டார். பெல்மதுளைச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அவருக்கு ஏன் இந்த அவசரம்? கடனைத் திருப்பித் தரும்படி யாரும் கேட்கவில்லை. அதுதான் அவர் பயமே.

கடன் கொடுத்தவர் மனைவியின் அண்ணன் மயில்வாகனம். பலாங்கொடையில் துணிக்கடை. வட்டிகூடக் கேட்கமாட்டார். “நம்ம புள்ள எப்ப படிப்ப முடிக்குது?” என்று மட்டும் கேட்பார். கேட்ட கையோடு, தம் மகள் சீதாதேவியின் சமையலைப் புகழ்வார். எஞ்சினியராகப் போகும் மகனுக்குக் கொழும்பில் பெரிய இடத்துப் பெண்ணாகப் பார்த்து வைத்திருந்தார் கன்னையா. கடன்பட்ட வாயால் மச்சானிடம் முடியாது என்று சொல்ல முடியுமா?

ஆசை மோட்டார் சைக்கிளை விற்றார். கடனுக்குச் சரியாக மூவாயிரம் ரூபாய் கைக்கு வந்தது.

“பரிமளம், நாளைக்கே குடுத்துட்டு வந்துடுறேன்.”

“நாளைக்குச் செவ்வாய்க்கிழமைங்க. வெள்ளிக்கிழமை போவோம். நானும் வாறேன்.”

“நீ எதுக்கு?”

“எங்க அண்ணன் வீட்டுக்கு நான் வரக்கூடாதா?”

“சரி, வா. ஆனா நாலு பேரு முன்னாலதான் குடுப்பேன். பின்னால பேச்சு வரக்கூடாது.”

“அதுவும் நல்லதுதாங்க. அண்ணனுக்கு நானே சொல்லி அனுப்புறேன்.”

கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு லேசாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. மனுஷன் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நெரிசல். பணப்பையை வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்த கன்னையாவுக்கு வேர்த்துக் கொட்டியது. பரிமளம் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

“கூடையில என்ன?”

“வெத்தல, பழம், தேங்கா. வெறுங்கையோடவா போறது?”

மச்சான் வீட்டில் பக்கத்துக் கடை மீராசாஹிப்பும் இன்னும் சிலரும் பாயில் காத்திருந்தார்கள். மச்சான் கல்யாணப் பேச்சை எடுப்பதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். கன்னையா அவசரமாகப் பணத்தை எடுத்தார்.

“கையில குடுக்காதீங்க,” என்று பரிமளம் தாம்பாளத்தை நீட்டினாள். வெற்றிலை, பழம், தேங்காய்க்கு நடுவே பணத்தை அவளே அடுக்கி, மேலே ஒரு ரூபாயும் வைத்தாள்.

மயில்வாகனமும் அவர் மனைவியும் எழுந்து நின்று தாம்பாளத்தை வாங்கினார்கள். உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள். கடன் திரும்பி வந்ததற்கா இத்தனை கொண்டாட்டம்? கன்னையாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“எல்லாரும் பாத்துக்கிட்டீங்கதானே? நீங்கதான் சாட்சி!” என்றார் உரக்க.

“கண்ணாரப் பாத்தோம்,” என்றார் மீராசாஹிப். “நல்லபடியா பரிசம் போட்டுட்டீங்க.”

பரிசமா! பெண்ணைப் பேசி முடித்து மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பணமல்லவா அது! கன்னையா வாய் திறப்பதற்குள் சீதாதேவி புதுச்சேலையில் வந்து அவர் காலில் விழுந்தாள். மயில்வாகனம் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“இனிமே மச்சான் இல்ல, சம்பந்தி!”

கன்னையா மனைவியின் காதோரம் சீறினார். “பையனைக் கேக்காமலாடி?”

“போன லீவுல அவன்தாங்க சீதாதேவியக் கட்டி வையின்னு என்கிட்ட வந்து கேட்டான்.”

“அடியே, அது கடன் பணம்டி!”

“சத்தம் போடாதீங்க, சபை சிரிக்கும். படிப்புக்குக் குடுத்த மூவாயிரத்துக்கு அவசரமே இல்லையாம். அண்ணன் சொல்லிட்டாரு, ஆறுதலாக் குடுங்க.”