கிளி மேடம் கவுன்சலிங் கொடுத்த கதை

ஒரு காட்டில் ஒரு தையல் கம்பெனி இருந்தது. காடு முதலில் வந்ததா, கம்பெனி முதலில் வந்ததா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டால், கம்பெனிக்கு வெளியே நின்றுகொண்டுதான் பதிலை யோசிக்க வேண்டியிருக்கும்.

கம்பெனி முதலாளி ஒரு பெருச்சாளி. சூப்பர்வைசர் ஓர் ஓணான். முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்பே ஓணான் தலையை ஆட்டிவிடும். அந்தத் திறமைக்குத்தான் அந்த வேலை. தைப்பதெல்லாம் தையல்சிட்டுகள். அதுங்களுக்கு அலகே ஊசி என்பதால் முதலாளிக்கு ஊசிச் செலவு மிச்சம்.

தேக்கு இலையை மடித்து, ஓரம் தைத்து, உள்ளே இலவம்பஞ்சு வைத்து, குஞ்சுகளைப் படுக்க வைக்கிற மெத்தைப் பை செய்வார்கள். குளிர் நாட்டு நாரைகள் வந்து வாங்கிப் போகும். அந்த நாட்டில் எந்தக் குஞ்சும் ஒரு நிமிஷம்கூட வாடக் கூடாதாம்.

ஒரு தடவை வந்த நாரை, லைனுக்குள் நடந்து பார்த்தது. ஒரு பையில் ஈரம் இருந்தது.

"இது என்ன?" என்றது நாரை.

"பனிங்க சார்," என்றது பெருச்சாளி.

"கூரைக்குள்ளேயா பனி பெய்யுது?"

ஓணான் தலையை ஆட்டியது. பையைத் தைத்துக்கொண்டிருந்த சிட்டு மூக்கை உறிஞ்சியது. நாரைக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எங்க ஊர்ல அழுகை சொட்டின பையில யாரும் குஞ்சைப் போட மாட்டாங்க," என்றது. "வேலை செய்யறவங்க மனசு நல்லா இருக்கணும். மனசு விட்டுப் பேச ஒரு ஆள் போடுங்க. பேசறது ரகசியமா இருக்கணும். எப்ப கேட்டாலும் அனுப்பணும். பேசற நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. அடுத்த தடவை வந்து பார்ப்பேன். இல்லைன்னா ஆர்டர் கிடையாது."

நாரை பறந்துபோனதும் பெருச்சாளி ஓணானைக் கூப்பிட்டது.

"யாரைப் போடலாம்?"

"எருமையைப் போடலாங்க முதலாளி. எதைச் சொன்னாலும் அசை போட்டுக்கிட்டே கேக்கும். முகம் மாறாது."

"அதுக்குத் தீனி உங்க அப்பனா போடுவான்?"

ஓணான் அதற்கும் தலையை ஆட்டியது. பிறகு யோசித்து ஒரு கிளியைப் பிடித்து வந்தது. அந்தக் கிளி கடைத்தெருவில் ஜோசியம் பார்த்துக்கொண்டிருந்தது. ஜோசியக்காரர் போனிலேயே பலன் சொல்ல ஆரம்பித்ததும், கிளியையும் சீட்டுக்கட்டையும் ரோட்டோரம் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"கவுன்சலிங் தெரியுமா?" என்று கேட்டது பெருச்சாளி.

"என் முன்னாடி உக்காந்து அழாத ஆள் இல்லைங்க," என்றது கிளி.

"சம்பளம்?"

"ஒரு சீட்டுக்கு ஒரு நெல்லு."

எருமையை நினைத்துப் பார்த்த பெருச்சாளி உடனே சரி என்றது.

கம்பெனியின் பின்மூலையில், வேலியை ஒட்டி, ஒரு பனையோலைக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, முன்னால் சாக்குத் திரை கட்டினார்கள். வெளியே 'மன நல அறை' என்று ஓணான் எழுதி வைத்தது. பழைய சீட்டுகளில் இருந்த சாமி படங்களை அழித்துவிட்டுப் புதுசாக எழுதியதும் ஓணான்தான். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கிளிக்குத் தெரியாது. கடைத்தெருவிலும் அப்படித்தான். எடுத்துக் கொடுப்பதோடு கிளியின் வேலை முடிந்தது. படிக்கிறது பக்கத்தில் இருக்கிற ஆளின் வேலை.

இங்கே படிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஓணான். அதனால் மனசு விட்டுப் பேசுகிற இடத்தில் ஓணானும் உட்கார்ந்துகொண்டது.

"ரகசியமா இருக்கணும்னு நாரை சொன்னாரே," என்று ஒரு சிட்டு இழுத்தது.

"மூணு பேருக்குள்ள இருந்தாலும் ரகசியம்தான்," என்றது ஓணான்.

அந்தக் கம்பெனியில் வளர்மதி என்று ஒரு சிட்டு இருந்தது. தலைப்பிள்ளையாக அப்போதுதான் ஒரு குஞ்சு பொரித்திருந்தது. காலையில் ஊட்டிவிட்டு வந்தால் சாயந்தரம்தான் மறுபடி ஊட்ட முடியும். இடையில் ஒரு வாய் கொடுக்காவிட்டால் அந்தக் குஞ்சு தாங்காது. வீட்டுக்காரன் பக்கத்துக் காட்டில் நைட் ஷிப்ட். பகலில் கூட்டில்தான் இருப்பான். ஆனால் தூங்குகிறவன் காதுக்கும் குஞ்சின் வாய்க்கும் நடுவில் வெகு தூரம் இருந்தது.

அதனால் வளர்மதி ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. மத்தியானம் கழிவு இலையைக் கொட்டப் போகிற சாக்கில், அப்படியே பறந்து போய் ஒரு புழுவை ஊட்டிவிட்டு வந்துவிடும். யாருக்கும் தெரியாது. பயந்துகொண்டே போகும், பயந்துகொண்டே வரும்.

கவுன்சலிங் என்றதும் வளர்மதி நம்பிவிட்டது. முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்தது.

"சொல்லும்மா," என்றது கிளி. ஜோசியத்தில் இருந்து வந்த பழக்கம்.

வளர்மதி எல்லாவற்றையும் சொன்னது. குஞ்சு வாயைத் திறந்துகொண்டே இருப்பதைச் சொன்னது. கழிவு கொட்டப் போகிற சாக்கையும் சொன்னது. "எனக்குத் திருட்டுத்தனமா போகப் பிடிக்கலைங்க மேடம். கேட்டுட்டே போறேன். மத்தியானம் கொஞ்ச நேரம் விட்டாப் போதும்."

கிளி இரண்டு அடி வெளியே வந்து, சீட்டுக்கட்டில் இருந்து ஒன்றை உருவிப் போட்டுவிட்டு, ஓணானிடம் நெல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

ஓணான் படித்தது: "நிறையத் தண்ணீர் குடிக்கவும்."

"குஞ்சுக்குப் பசிங்க," என்றது வளர்மதி.

இன்னொரு சீட்டு வந்தது. "மூச்சை இழுத்து மெதுவாக விடவும்."

வளர்மதி மூச்சை விட்டது. அது தானாகவே பெருமூச்சாக வந்தது.

மறுநாள் கழிவு கொட்டுகிற வேலையை எறும்புகளுக்குக் காண்ட்ராக்ட் விட்டாயிற்று. மத்தியானம் யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றும் சொல்லியாயிற்று.

பக்கத்து இடத்தில் தைக்கிற ஜோதிமணி தலையில் அடித்துக்கொண்டது. "ஏண்டி, மனசுல இருக்கறதை யாராச்சும் கவுன்சலிங்ல போய்ச் சொல்லுவாங்களா? நானெல்லாம் போனா வெயிலைப் பத்திப் பேசுவேன், நெல்லு ருசியா இருக்கான்னு கேப்பேன், எந்திரிச்சு வந்துருவேன்."

"மேடம் கேட்டாங்களே."

"கேட்டா? கேக்கறதுக்குத்தானே நெல்லு வாங்குது."

அன்று சாயந்தரம் வளர்மதி கூட்டுக்குப் போனபோது குஞ்சு கத்தவில்லை. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த நாள் சாயந்தரம் வாயையே பாதிதான் திறந்தது. வீட்டுக்காரன், "இப்பல்லாம் சமத்தா இருக்கு, தொந்தரவே இல்லை," என்றான்.

விடிந்ததும் வளர்மதிக்குத் தையல் ஓடவில்லை. குளிர் நாட்டுக் குஞ்சின் பையில் அடைத்த பஞ்சையே பிடுங்கி மறுபடி அடைத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் ஆனதும் எழுந்து நின்று, "கவுன்சலிங் போகணுங்க," என்றது.

கேட்டால் அனுப்ப வேண்டும் என்பது நாரை போட்ட சட்டம். ஆனால் மத்தியானம் ஓணான் வெயில் காய்ந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சாயந்தரம் முதலாளி முன்னால் தலை ஆடாது. "போ, போ. மேடம் சீட்டை எடுத்து வைக்கட்டும். நான் அப்புறமா வந்து படிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் கல்லின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

வளர்மதி திரைக்குள் போனது. கிளி வழக்கம்போல் சீட்டுக்கட்டை நோக்கி நடந்தது.

"எடுக்க வேண்டாங்க மேடம்," என்றது வளர்மதி. "படிக்க ஆளும் இல்லை. சும்மா கேளுங்க."

கிளிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. "வெளிய வந்தா ஒரு சீட்டு, உள்ள போனா ஒரு நெல்லு. நடுவுல ஒண்ணும் எனக்குப் பழக்கம் இல்லையேம்மா."

"நீங்க கேட்டதாலதான் எனக்கு இந்த நிலைமை. எறும்பை விட்டுட்டாங்க. என் குஞ்சுக்குச் சத்தமே போயிருச்சு."

"நான் யாருகிட்டயும் சொல்லலையே."

"நீங்க சொல்லலை. சொல்றவரைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டீங்க."

கிளி சீட்டுக்கட்டை ஓரமாகத் தள்ளி வைத்தது. பிறகு, "அதோட சத்தம் எப்படி இருக்கும்?" என்று கேட்டது.

வளர்மதி கத்திக் காட்டியது. கிளி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அதையே திருப்பிக் கத்தியது. பிசகாமல் அதே சத்தம். வளர்மதி எழுந்து ஊட்டப் போவதுபோல் ஒரு எட்டு வைத்துவிட்டு அப்படியே நின்றது.

"நான் கூண்டுலயே பொறந்தவ," என்றது கிளி. "எங்க அம்மாகிட்ட இப்படிக் கத்தினேனான்னு தெரியாது."

சொல்லிக்கொண்டே அது கூடையின் பின்பக்க ஓலையைக் கடிக்க ஆரம்பித்தது. ஓலை சரசரவென்று கிழிந்தது. அந்தப் பக்கம் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் காடு.

"வேலி தாண்டி எவ்வளவு தூரம்?" என்றது கிளி.

"கிட்டத்தாங்க."

"சீக்கிரம் வந்துரு. எனக்கு வேற வேலை கிடைக்காது."

வளர்மதி போய்விட்டு வந்தபோது ஓணான் இன்னும் கல்லின் மேல்தான் கிடந்தது. திரையை விலக்கிக்கொண்டு வந்த வளர்மதியின் முகத்தைப் பார்த்து அதற்கே ஆச்சரியம். காலையில் செத்த முகமாக இருந்த சிட்டு இது. "பாத்தியா? எல்லாம் மனசுலதான் இருக்கு," என்றது ஓணான்.

"ஆமாங்க சார்," என்றது வளர்மதி.

அதற்குப் பிறகு மத்தியானம் ஆனால் மன நல அறைக்கு வரிசை நின்றது. குஞ்சு வைத்திருக்கிற சிட்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாக மனசு சரியில்லை என்று போய், சரியாகி வந்தன. ஜோதிமணிக்குக் குஞ்சு கிடையாது. அதுவும் போனது. பின்பக்கமாக வெளியேறி ஒரு கிளையில் கண்ணை மூடிவிட்டு வரும். "எனக்கு மனக்கஷ்டமே தூக்கம்தான்," என்று சொல்லிக்கொண்டது.

பையில் ஈரம் சொட்டுவது நின்றது. பெருச்சாளி எல்லோரிடமும் பெருமை பேசியது. வளர்மதியின் குஞ்சு மறுபடி காட்டுக்கே கேட்கும்படி கத்தத் தொடங்கியது. வீட்டுக்காரன் தூக்கம் கெடுகிறது என்று சண்டை போட்டான்.

நாரை அந்த வருஷம் குளிர் அதிகம் என்று முன்கூட்டியே வந்துவிட்டது. அதுவும் மத்தியானத்தில். வந்ததும் நேராக மன நல அறைக்கு நடந்தது. பெருச்சாளி பின்னால் உருண்டு ஓடியது. வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணான் விழுந்தடித்து வந்தது.

"உள்ளே யார்?"

"வளர்மதிங்க சார். மனசு விட்டுப் பேசிட்டு இருக்கு," என்றது ஓணான்.

வளர்மதி அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் புழு தேடிக்கொண்டிருந்தது.

"திரையைத் தூக்குங்க, பார்க்கலாம்."

ஓணான் திரையைப் பிடித்தது. வரிசையில் நின்ற சிட்டுகளுக்கு உயிர் போனது. ஜோதிமணிதான் வாயைத் திறந்தது. "சார், ரகசியமா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. நீங்களே பாக்கலாங்களா?"

நாரைக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. "சரி. வெளியே நின்னு கேக்கறேன்," என்று கழுத்தை வளைத்துக் காதைக் கூடையில் வைத்தது.

"சத்தமே இல்லையே?"

உள்ளே கிளி தனியாக உட்கார்ந்திருந்தது. அதற்கு எல்லாம் கேட்டது. சீட்டை எடுப்பதா, நெல்லைக் கேட்பதா என்று ஒன்றும் ஓடவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வேறு வேலையைச் செய்தது. வளர்மதியின் குரலில் பேசியது.

"காலையில நான் கிளம்பறப்ப அது வாயைத் திறந்துக்கிட்டே இருக்குங்க மேடம். நான் போயிட்டேன்னு அதுக்குத் தெரிய மாட்டேங்குது."

பிறகு தன் குரலில், "சொல்லும்மா," என்றது.

"எனக்குத் திருட்டுத்தனமா போகப் பிடிக்கலைங்க மேடம். கேட்டுட்டே போறேன்."

நாரை கண்ணைத் துடைத்துக்கொண்டது. அதற்கும் குளிர் நாட்டில் குஞ்சுகள் இருந்தன. கிளிக்கு அதற்கு மேல் வசனம் தெரியவில்லை. குஞ்சின் குரலில் கத்திவிட்டது.

"இது யார் சத்தம்?" என்று நிமிர்ந்தது நாரை.

ஓணான் தலையை ஆட்டியது. பெருச்சாளி முன்னால் வந்தது. "சின்ன வயசு ஞாபகத்துக்குப் போயிருக்குங்க சார். வைத்தியத்துல அது ஒரு கட்டம்."

அந்த நேரம் திரை விலகி வளர்மதி வெளியே வந்தது. நாரையைப் பார்த்ததும் அவசரமாகச் சிறகை மடித்துக்கொண்டது. அலகு ஓரத்தில் புழுவின் பச்சை இன்னும் காயவில்லை.

"இப்ப எப்படி இருக்கு?" என்று நாரை அன்பாகக் கேட்டது.

வளர்மதிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்குங்க சார்."

"அலகுல என்ன?"

"மருந்துங்க சார்," என்றது ஜோதிமணி.

நாரை நெகிழ்ந்துபோனது. இப்படி ஒரு கம்பெனியைத் தான் பறந்த தேசங்களில் எங்கும் பார்க்கவில்லை என்றது. பெருச்சாளிக்கு மாலை போட்டது. பிறகு, "இவ்வளவு சந்தோஷமா இருக்கறவங்க இன்னும் வேகமா தைப்பாங்க," என்று சொல்லி ஆர்டரை இரண்டு மடங்காக்கியது.

சிட்டுகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. வளர்மதி கூச்சத்தோடு முன்னால் வந்தது.

"வேலை கூடுனா மனசு ரொம்பக் கஷ்டப்படுங்க சார். இன்னும் நாலு கூடை போடச் சொல்லுங்க."

பெருச்சாளி மாலையும் கழுத்துமாக, "எட்டாவே போட்டுடறேன்," என்றது. ஓணான் அதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டது. கிளி மேடம் திரைக்கு வெளியே தலையை நீட்டி, "வேலி ஓரமாவே போடுங்க," என்றது. "அங்கதான் காத்து வரும்."

நீதி: மனக்கஷ்டம் தீர மனசு விட்டுப் பேசுவதே நல்லது. பேசப் போகிற அறைக்குப் பின்பக்கமும் வழி இருந்தால் சீக்கிரம் குணமாகும்.