எட்டு மழைக்குள் இரண்டாவது மஞ்சள் கடுதாசி

ஒரு காட்டில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, பரமானந்தம் என்கிற கீரி போண்டா கடை வைத்திருந்தது. போண்டா நன்றாக இருக்கும். கணக்குத்தான் நன்றாக இருக்காது. நான்கு வருடத்துக்கு முன் ஐஸ் வண்டி வாங்கி, மார்கழிக் குளிரில் ஐஸ் விற்று, மஞ்சள் கடுதாசி கொடுத்த அதே கீரிதான். மஞ்சள் கடுதாசி தெரியுமல்லவா? "கையில் சல்லிக் காசு இல்லை, கடனையெல்லாம் தள்ளுபடி செய்யுங்கள்" என்று திவால் அலுவலகத்தில் கொடுக்கிற மனு. அன்றைக்குச் சிங்கராஜா கையெழுத்துப் போட்டார், கடன் கொடுத்தவர்களுக்கு நாமம் விழுந்தது, கீரி மறுநாளே போண்டா மாவு பிசைய உட்கார்ந்துவிட்டது.

இப்போது போண்டா கடையும் கடனில். கிரைண்டர் கடன், பெயர்ப்பலகை கடன், பலகையைச் சுற்றி ஓடும் சீரியல் லைட்டும் கடன். எல்லாவற்றுக்கும் வட்டிக்குக் கொடுத்தது பூபாலன் என்கிற கரடி.

"பரமு, நாளைக்கு சாயங்காலம் நாலு மணி. ஒண்ணு என் பணம் இருக்கணும், இல்லேன்னா கடையில என் பூட்டு இருக்கும்" என்றது கரடி.

கீரிக்கு அந்தக் கடை என்றால் உயிர். கடை போனால் பரம்பரைத் தொழிலான பாம்பு பிடிப்புக்குத்தான் போகவேண்டும். அதற்குப் பாம்பு என்றாலே நடுக்கம். வீட்டில்கூடச் சொன்னதில்லை, பாவம்.

மறுநாள் காலையிலேயே திவால் அலுவலக வரிசையில் போய் நின்றது. டோக்கன் எண் நாற்பத்தேழு. ஜன்னலில் அரங்கநாயகம் என்கிற ஆமை எழுத்தர். படிவத்தில் இருந்தது மூன்றே கேள்வி, ஆமை அதை ஒரு மணி நேரம் படித்தது.

"ஏற்கெனவே ஒரு தடவை தள்ளுபடி வாங்கியிருக்கீங்களே?"

"ஆமா சார். அடுத்த தடவைக்கு எட்டு மழைக்காலம் முடியணும்னு விதி. முடிஞ்சாச்சு சார்."

"நாலு வருஷந்தானே ஆச்சு?"

"ஆனியில ஒரு மழை, ஐப்பசியில ஒரு மழை. வருஷத்துக்கு ரெண்டு. நாலு வருஷத்துக்கு எட்டு."

ஆமைக்குக் கோபம் வந்து கழுத்து முழுக்க வெளியே நீண்டது. "ஆனியில பெய்யுறது மழையாய்யா? அது மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டோட மழை. நமக்கு விழறது வெறும் சாரல். விதிக்கு ஐப்பசி மழைதான் கணக்கு. இன்னும் நாலு பாக்கி."

"சாரலைப் பாதி மழையா எடுத்துக்கக் கூடாதா சார்?"

"கூடாது. மனு போடணும்னா போடுங்க, யாரும் தடுக்கலை. கட்டணம் உண்டு. தள்ளுபடி மட்டும் கிடையாது."

"அப்போ எதுக்கு சார் மனு?"

"பதில் எழுத்துல தருவோம். சீலும் உண்டு."

கீரி கடைசி இருபது ரூபாயைக் கட்டியது. காகிதம் வந்தது. 'இம்மனுதாரர் இன்னும் நான்கு மழைக்காலம் முடியும்வரை, எக்காரணம் கொண்டும், எவ்விதக் கடனிலிருந்தும் விடுபடத் தகுதியற்றவர்.' கீழே சிவப்பாக முத்திரை. கீரி வாசற்படியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதது.

நாலு மணிக்குப் பூட்டோடு கிளம்பி வந்த கரடி வழியில் அதைப் பார்த்தது. காகிதத்தைப் பிடுங்கிப் படித்தது. மறுபடியும் படித்தது.

"நாலு வருஷத்துக்கு உன்னால தப்பிக்கவே முடியாதா?"

"முடியாதுண்ணே."

"சத்தியமா?"

"சீல் வெச்சிருக்காங்களேண்ணே."

கரடி கீரியை அப்படியே தூக்கிக் கட்டிக்கொண்டது. "டேய், உன்னை மாதிரி நம்பிக்கையான ஆள் இந்தக் காட்டுலயே கிடையாதுடா! மத்தவனெல்லாம் எப்போ மஞ்சக் கடுதாசி நீட்டுவானோன்னு எனக்குச் சோறே இறங்கலை. உனக்கு எவ்வளவு வேணும், சொல்லு."

பழைய கடனுக்குத் தவணை நீண்டது. புதுக் கடன் கைக்கு வந்தது. விஷயம் பரவியதும் நரி நிதி நிறுவனத்திலிருந்து தினம் மூன்று முறை போன். 'சார், தப்பிக்க முடியாத வாடிக்கையாளர்களுக்கு மட்டும் எங்கள் சிறப்புக் கடன்.' கீரி காகிதத்தை லேமினேட் செய்து பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியது. கடை ஓகோ என்று ஓடியது. வாங்கிய கடனையெல்லாம் பைசா பாக்கியில்லாமல் கட்டி முடித்தது. யோக்கியத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், வேறு வழியில்லை.

நான்காம் ஐப்பசி வந்தது. அந்த மழைக்காற்றில் கடையின் தகரக் கூரை மொத்தமாகப் பறந்து குளத்தில் விழுந்தது. கீரி அலட்டிக்கொள்ளவில்லை. மழைக்காலம் முடிந்ததும் சிரித்த முகத்தோடு கரடியிடம் போய்க் கூரைக்குக் கடன் கேட்டது.

கரடி நெளிந்தது. "தப்பா நினைக்காதே பரமு. எட்டு மழை முடிஞ்சு போச்சு. இப்போ நீ தகுதியுள்ள ஆளு. தகுதியுள்ள ஆளுக்கு எப்படிப்பா கடன் கொடுக்கிறது?"

"ஒரு பைசா பாக்கி வெக்கலையேண்ணே!"

"அதான் பயமா இருக்கு. திடீர்னு உனக்கு என்ன தோணுமோ."

நரியும் போனை எடுக்கவில்லை. கீரி ஆமையிடம் ஓடியது. "சார், என் தகுதியைத் திரும்ப எடுத்துக்குங்க!"

"அதுக்கு இன்னொரு தடவை திவாலாகி, தள்ளுபடி வாங்கணும்."

"கடை நல்லா ஓடுதே சார்."

"அது உங்க குறை" என்று ஆமை அடுத்த டோக்கனைக் கூப்பிட்டது.

இந்த மழைக் கணக்கெல்லாம் தெரியாத முள்ளம்பன்றியின் எண்ணெய்க் கடையில் கீரி கடனுக்கு நாற்பது டின் எடுத்தது. மறுநாள் திறந்த வானத்தின் கீழே அடுப்பை மூட்டி, 'போண்டா இலவசம்' என்று எழுதி வைத்தது. காடே திரண்டு வந்தது. முதல் ஆளாக நின்று ஆறு போண்டா தின்ற கரடி, சட்னியை வழித்துக்கொண்டே, "சீக்கிரம் திவாலாகுடா ராஜா, கூரைக்குப் பணம் எடுத்து வெச்சிருக்கேன்" என்று தட்டிக்கொடுத்தது. முள்ளம்பன்றி மட்டும் ஓரமாக நின்று, போண்டாவைத் தொடாமல், காலி டின்களை எண்ணிக்கொண்டிருந்தது.

நீதி: ஓட முடியாதவனைத்தான் உலகம் நம்பும். ஆகவே நம்பிக்கை வேண்டுவோர் முதலில் ஒரு தடவை ஓடிவிட்டு வரவும்.